ஏ.ஆர்.டி. மாத்திரையும் ஈரலும்: சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (ஏற்காடு, எஸ்டேட் வேலை): மூணு வருசமா டிஎல்டி மாத்திரை சாப்பிடறேனுங்க சார். ஹெச்ஐவி வைரல் லோடு (ரத்தத்துல கிருமி அளவு) தெரியலைன்னு வந்துடுச்சு. ஹெபடைடிஸ் பி-யும் இருக்குதுங்க. மலையை விட்டு இறங்கிப் போய் வாங்கிட்டு வந்தா ஒரு நாள் கூலி போகுது. ரெண்டு மாசம் நிறுத்தி வைக்கலாமுங்களா?

பதில்: நிறுத்தவே வேண்டாம். டிஎல்டி என்பது ஹெச்ஐவியை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை; அந்த ஒன்றுக்குள் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் இருக்கின்றன. முதல் இரண்டும் ஹெச்ஐவியோடு, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் சேர்த்தே அமுக்கி வைக்கின்றன. விட்டால் பி வைரஸ் மறுபடி பெருகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அழிக்கக் கிளம்பி, வைரஸ் புகுந்த ஈரல் செல்களையே தாக்கும். 40-ஐ ஒட்டி இருக்கவேண்டிய எஸ்ஜிபிடி (ஈரல் சேதத்தைக் காட்டும் ரத்த அளவு) ஆயிரத்தைத் தாண்டக்கூடும். ஈரல் ஏற்கெனவே சுருங்கியவருக்கு இது உயிருக்கே ஆபத்து.

கூலி போவது பெரிய கஷ்டம்தான். வைரல் லோடு அடங்கி நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துத் தர வழி உண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்துக் கவுன்சிலரிடம் தயங்காமல் கேளுங்கள். 1097-க்கு போன் செய்தும் கேட்கலாம். கிட்னி கோளாறுக்காக டெனோஃபோவிரை மாற்றச் சொன்னால், "எனக்கு பி இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள். அதற்கு ஈடான பி மருந்து கூடவே வரவேண்டும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): வீட்டுக்காரருக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. மாமியார் ஏ.ஆர்.டி.யை நிறுத்திட்டு கீழாநெல்லி குடுங்கறாங்க.

பதில்: அம்மா, முதலில் ரத்தப் பரிசோதனை. தண்ணீரால் வரும் ஏ, இ காமாலையா, பி, சி-யா, காசநோய் மருந்தின் கோளாறா, குடியா என்று தெரியாமல் எதையும் தொடவேண்டாம். மாத்திரையை நிறுத்துவதா என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். கீழாநெல்லியை மாமியார் நம்புவதில் தவறில்லை. 1988-இல் வந்த சென்னை ஆய்வில் அதைச் சாப்பிட்ட பி கிருமியாளர்கள் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் மருந்துக்கு மாற்றாக அதை வைக்கமுடியாது. பேச்சு தடுமாறினாலோ, பகலெல்லாம் தூங்கினாலோ, ரத்த வாந்தி வந்தாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி (ஆத்தூர்): ஹெபடைடிஸ் சி-க்கு 12 வாரம் மருந்து முடிச்சேன். இப்பவும் டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வருதே?

பதில்: நீங்கள் பார்த்தது ஆன்டிபாடி டெஸ்டாக (கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கியதைப் பார்ப்பது) இருக்கும். சி குணமானாலும் அது பல வருடம் பாசிட்டிவாகவே காட்டும். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து ஹெச்சிவி ஆர்என்ஏ (ரத்தத்தில் சி வைரஸே இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட்) பார்க்கவேண்டும். அதில் வைரஸ் இல்லையென்றால் குணம். ஆனால் மறுபடி தொற்றினால் மறுபடி வரும். ஊசி, பிளேடு யாரோடும் பகிரவேண்டாம்.

கேள்வி (அஸ்தம்பட்டி): ஸ்கேனுக்குப் பணமில்லைங்க. ஈரல் எவ்வளவு கெட்டிருக்குன்னு ரிப்போர்ட்ட வெச்சே தெரிஞ்சுக்கலாமா?

பதில்: ஓரளவு தெரிந்துகொள்ளலாம். வயதை எஸ்ஜிஓடி-யால் (எஸ்ஜிபிடி போலவே இன்னொரு ரத்த அளவு) பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதி, எஸ்ஜிபிடி-யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுங்கள். வயது 45, எஸ்ஜிஓடி 80, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் ஒன்றரை லட்சம் என்றால்: மேலே 3600; கீழே 150 × 8 = 1200; விடை 3. 1.45-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பயமில்லை. 3.25-ஐத் தாண்டினால் தழும்பு முற்றியிருக்கலாம். இரண்டுக்கும் நடுவே என்றால் ஃபைப்ரோஸ்கேன் (ஈரலின் கெட்டித்தன்மையை அளக்கும் ஸ்கேன்) எடுத்தே ஆகவேண்டும். டெங்குக் காய்ச்சலில் பிளேட்லெட் இறங்கியிருக்கும்போதும், கண் மஞ்சளாக இருக்கும்போதும் இந்தக் கணக்குப் போடாதீர்கள், தப்பாக வரும்.

கேள்வி: எனக்கு ஹெச்ஐவி மட்டும்தான். பி தடுப்பூசி போடணுமா?

பதில்: ஹெச்பிஎஸ்-ஏஜி (பி கிருமி இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட்) நெகட்டிவ், பி-க்கு எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் கட்டாயம் போடவேண்டும். ஹெச்ஐவி உள்ளவர்களுக்குச் சாதாரண அளவு பிடிக்காமல் போவதுண்டு. அதனால் பல டாக்டர்கள் இரட்டை அளவாக 0, 1, 2, 6-ஆம் மாதங்களில் போடுகிறார்கள். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி-ஹெச்பிஎஸ் (பி-க்கு எதிர்ப்புச் சக்தியின் அளவு) பாருங்கள், 10-க்கு மேல் இருக்கவேண்டும். இந்த டெஸ்டைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (ஏற்காடு): எங்க தோட்டத்துக் காப்பி ஈரலுக்குக் கெடுதலுங்களா?

பதில்: இல்லை. காப்பி குடிப்பவர்களிடம் ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சர்க்கரையைக் குறைத்துக் குடியுங்கள். விடவேண்டியது சாராயம்.