வாடகைக் கேமராவை விலைக்கு வாங்கியவர் என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரையில் திருமணப் படங்கள் எடுத்துப் பிழைக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் இணைய விளம்பரம் பார்த்து, கேனான் 80டி கேமராவை 18-135 லென்ஸோடு 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். 20,000 ஜிபே, மீதி ரொக்கம். பில் தொலைந்துவிட்டதாகச் சொன்னார். ஷட்டர் எண்ணிக்கையிலும் (இதுவரை எடுத்த படங்களின் கணக்கு) பொய். இப்போது கோவையிலிருந்து போலீஸ் போன்: அது வாடகைக் கடையின் கேமராவாம், ஒப்படைக்க வேண்டுமாம். மரியாதையே இல்லாத பேச்சு. பணம் கொடுத்து வாங்கிய நான் ஏன் கொடுக்க வேண்டும்?

பதில்: ஷட்டர் கணக்கையும் போலீஸாரின் பேச்சையும் ஒதுக்கி வையுங்கள். விற்றவர் அந்தக் கேமராவின் சொந்தக்காரரா என்பது ஒன்றே கேள்வி. வாடகைக்கு எடுத்தவருக்கு விற்கும் உரிமை கிடையாது; தன்னிடம் இல்லாத உரிமையை அவர் உங்களுக்குத் தரவும் முடியாது (சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 27). நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் கேமரா கடைக்காரருடையதே.

ஆகவே வரிசை எண்ணைப் பாருங்கள். 80டியில் அது பாடியின் (லென்ஸ் நீங்கலான கேமரா) அடிப்பக்கம் இருக்கும். அதில் எடுத்த படத்தின் எக்சிஃப் (படக்கோப்போடு சேர்ந்தே பதிவாகும் விவரம்) தகவலிலும் பாடி எண் பதிவாகும். லென்ஸுக்குத் தனி எண் உண்டு. கடைக்காரரின் கொள்முதல் பில்லோடு பாடி மட்டும் பொருந்தினால், லென்ஸைக் கேட்க அவருக்கு வேறு ஆதாரம் வேண்டும்.

எண் பொருந்தினால் வழக்காடாதீர்கள், கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு உண்மையான ஆபத்து 28,000 ரூபாய் போவதில் இல்லை, நீங்களே குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்படுவதில் இருக்கிறது. நம்பிக்கை மோசடியால் (நம்பி ஒப்படைத்ததைக் கையாடுவது) கைமாறிய பொருளும், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி திருட்டுப் பொருள்தான். அப்படி என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்று வாங்கினாலும் குற்றம், வைத்துக்கொண்டாலும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, பிணையை உரிமையாகக் கேட்க முடியாத பிரிவு. வாங்கிய அன்று தெரியாது என்று நீங்கள் சொல்லலாம். போன் வந்த பிறகு அதைச் சொல்ல முடியாது. வாங்கியவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்: பதறிப்போய் கேமராவை வேறொருவருக்குத் தள்ளிவிடுகிறார்கள், எண்ணைச் சுரண்டுகிறார்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கிறார்கள். ஒவ்வொன்றும் 'இவருக்குத் தெரிந்திருக்கிறது' என்பதற்குச் சாட்சியாகிறது. பில் இல்லை, பெட்டி இல்லை, விலையும் குறைவு என்றால் உங்கள் பக்கம் ஏற்கெனவே பலவீனம்தான். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், உரையாடல், ஜிபே பரிவர்த்தனை எண் ஆகியவையே உங்களுக்கு இருக்கும் தற்காப்பு. இவை இருக்கும் போனை மாற்றாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள்.

பேசியவர் போலீஸ்தானா என்பதை முதல் தகவல் அறிக்கை எண் கேட்டு, நிலையத்தின் எண்ணுக்கு நீங்களே அழைத்து உறுதிசெய்யுங்கள். எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கேளுங்கள். அது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 94 என்றால் பொருளைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். 35(3) என்றால் உங்களையே சந்தேகிக்கிறார்கள். இரண்டாவதானால் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள், தேதி தவறவும் கூடாது. நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு நடப்பவரைச் சாதாரணமாகக் கைது செய்யக் கூடாது. கூரியரில் அனுப்புவதும், கடைக்காரரின் ஆளிடம் நேரில் கொடுப்பதும் வேண்டாம். பாடி, லென்ஸ், பேட்டரி, சார்ஜர் எல்லாம் வரிசை எண்ணோடு மகஜரில் (கைப்பற்றிய பொருள்களைப் போலீஸ் எழுதும் பதிவு) ஏற வேண்டும், அதன் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

தொழிலுக்கு அந்தக் கேமரா அவசியமென்றால் கடைக்காரரிடம் சமரசம் பேசுங்கள். அவர் விற்கச் சம்மதித்தால் அசல் பில்லோடு எழுதி வாங்கி, வங்கி வழியே மட்டும் பணம் கட்டுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணமா என்று வயிறெரியும். கோவைக்கும் மதுரைக்கும் அலைந்து, முகூர்த்த நாட்களை நீதிமன்றத்தில் கழிப்பதைவிட அது குறைந்த செலவு. திருட்டுப் பொருள் வைத்திருந்த குற்றச்சாட்டைப் பொருளின் உரிமையாளர் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

விற்றவரிடம் முழு விலையையும் திரும்பக் கேட்க சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு உதவும், 3 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் ஆளும் சொத்தும் அகப்படாவிட்டால் தீர்ப்பு வெறும் தாள். சொந்தப் பொருள் என்று விற்ற தனிநபர் வியாபாரி அல்ல, நுகர்வோர் ஆணையமும் கைகொடுக்காது. அவர்மீது மோசடிப் புகார் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் தண்டிக்கப்பட்டு, கைதின்போது அவரிடம் பணம் எடுக்கப்பட்டிருந்தால், அதிலிருந்து உங்கள் விலையைத் தரும்படி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 499ஆம் பிரிவில் மனுப் போடலாம்.