வாசகர் கேள்வி: காசு கட்டும் முன் காதைக் காட்டுங்கள்

(பாலக்கோட்டில் தக்காளி மண்டி நடத்திக்கொண்டே, 43 வயதில் பி.பி.எல். என்கிற தனியார் விமானி உரிமம் வாங்கியவர் பதில் சொல்கிறார்.)

அண்ணா, என் மகளுக்கு 16 வயது, பத்தாவது பாஸ். மைனஸ் இரண்டரை பவரில் கண்ணாடி போடுகிறாள். விமானம் ஓட்டும் ஆசையை விடச் சொல்லிவிடலாமா?
- வாசகி, அரூர்

எதற்கம்மா விடச் சொல்ல வேண்டும்? இந்த வயதுக்கும் படிப்புக்கும் மாணவர் உரிமம் வாங்கலாம், 17 ஆனால் பி.பி.எல். கண்ணாடி போட்டபின் பார்வை வரம்புக்குள் வந்தால் போதும். பறக்கும்போது பையில் இன்னொரு கண்ணாடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பவரை விட நிறம்தான் முக்கியம். இஷிஹாரா என்று ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். காய், செங்காய், பழம் என்று நாள் முழுக்கத் தரம் பிரிக்கிற எனக்கு அது சுலபமாக இருந்தது. ரேடியோ பழுதானால் கட்டுப்பாட்டுக் கோபுரம் விளக்கில்தான் பேசும்: நிலையான பச்சை என்றால் இறங்கு, நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் என்ன ஆகும்? அதனால் முதலில் பக்கத்துக் கண் டாக்டரிடம் அந்தப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பயிற்சிப் பள்ளியில் உடனே முன்பணம் கேட்கிறார்கள். மெடிக்கலை அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். கட்டலாமா?
- வாசகர், பென்னாகரம்

கட்டாதீர்கள் தம்பி. நான் கட்டிவிட்டு அவதிப்பட்டவன்.

பி.பி.எல்.லுக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். டி.ஜி.சி.ஏ., அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அங்கீகரித்த டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும், நம் ஊர் ஃபிட்னஸ் சர்டிபிகேட் செல்லாது. ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. எல்லாம் எனக்குச் சரியாகவே இருந்தது. கடைசியில் டாக்டர் காதுக்குள் லைட் அடித்துக்கொண்டு, "மூக்கைப் பிடிச்சு, வாயை மூடிக்கிட்டு ஊதுங்க" என்றார். ஊதினேன். "இன்னும் ஊதுங்க." முகம் சிவக்க ஊதினேன். இடது காதுச் சவ்வு அசையவே இல்லை. பத்து நாளாகச் சளி, மார்கழி மாதம் வேறு. 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதிவிட்டார்.

ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்குமே, அதே சங்கதிதான். மேலே போகும்போது காதுக்குள் இருக்கிற காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடும், தொண்டையிலிருந்து காதுக்குப் போகிற குழாய் அடைத்திருந்தால் காற்று உள்ளே போகாது. ஓடுபாதையைப் பார்த்து இறங்குகிற நேரத்தில் காது வலி உயிரை எடுத்தால் கை எங்கே நிற்கும்?

சளி சரியாகி நான் திரும்பிப் போக மூன்று மாதம். அதற்குள் அந்தப் பள்ளி மணிக்கட்டணத்தை ஏற்றிவிட்டது. கட்டிய பணத்துக்குப் பழைய கணக்கு கிடையாதாம். பெயர் வேண்டாம், விடுங்கள்.

எனக்கு மாந்தோப்பு இருக்கிறது, வசதி உண்டு. நாற்பது மணி நேரம் பறந்தால் உரிமம் என்கிறார்களே, நிஜமா? பிறகு ஆட்களை ஏற்றிச் சம்பாதிக்கலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

சம்பாதிக்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு ஓட்ட கமர்ஷியல் உரிமம் வேண்டும், அதற்கு 200 மணி நேரம், முதல் வகுப்பு மெடிக்கல். நாற்பது என்பது குறைந்தபட்சம். எனக்கு 58 ஆனது. வரத்து அதிகமான மாதங்களில் மண்டியை விட்டு நகர முடியாது. மூன்று வாரம் கழித்துப் போனால் கை மறந்திருக்கும், பழைய பாடத்துக்கே ஒரு மணி நேரம் போய்விடும். தொடர்ச்சியாகப் போக முடிகிற மாதத்தில் ஆரம்பியுங்கள்.

தனியாக வெளியூர் பறப்பும் உண்டு. அதில் ஒரு பயணம் 150 நாட்டிகல் மைல், அதாவது சுமார் 278 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டாலும் அவ்வளவு வராது. ஆனால் அதை விட முதல் தனிப் பறப்புதான் மறக்காது. நான் ஓட்டிய செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் இரண்டே இருக்கை. பயிற்றுநர் பெல்ட்டைக் கழற்றி இறங்கி, கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவர் எடை இல்லாததால் வழக்கத்தை விடச் சீக்கிரமே விமானம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. பக்கத்து சீட்டில் அவருடைய பெல்ட் மட்டும் கிடந்தது.

எங்கள் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் ஓடுபாதை இருக்கிறதே, அங்கே கற்கலாமா?
- வாசகர், தேன்கனிக்கோட்டை

அது தனியார் விமான நிறுவனத்தின் ஓடுபாதை. பெங்களூருவில் இருக்கிற என்.ஏ.எல். என்ற அரசு விமான ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா என்ற இரண்டு பேர் பயிற்சி விமானம் அங்கேதான் தயாரானது, நமக்குப் பெருமைதான். ஓடுபாதை இருக்கிற இடத்திலெல்லாம் பள்ளி இருக்காது. டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது, அதைப் பாருங்கள். பிறகு பெட்டியின் மேல் வரிசையை மட்டும் பார்த்து ஏலம் கேட்காத மாதிரி, காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். எத்தனை விமானம் நிற்கிறது, அதில் எத்தனை கிளம்புகிறது என்று எண்ணுங்கள்.