ஊரடங்கில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்: போவதா, வேண்டாமா?

(2021 கொரோனா ஊரடங்கின்போது வந்த கேள்வியும் பதிலும்)

கேள்வி: நான் மட்டக்களப்பு மாவட்டம் ஆரையம்பதியில் இருக்கிறேன், வயது 38. வீட்டு வயரிங், தண்ணீர் மோட்டர் திருத்துவதுதான் தொழில். மாதச் சம்பளம் தர முதலாளி இல்லை. போனால் ஒரு நாளைக்கு 2,500 ரூபா, போகாவிட்டால் ஒன்றுமில்லை. ஊரடங்கு போட்டுப் பத்து நாள் தாண்டிவிட்டது. இப்போது மூன்று இடத்தில் கூப்பிடுகிறார்கள். கல்லடியில் ஒரு வீட்டில் மூன்று அறைக்கு ஃபேன் மாட்ட வேண்டும். நாவற்குடாவில் வயதான இருவர், மோட்டர் ஓடவில்லை என்று மூன்று நாளாகக் கோல் எடுக்கிறார்கள். களுவாஞ்சிகுடியில் கட்டுகிற வீடொன்றுக்கு வயர் இழுக்க வேண்டும், அங்கே மேசன்மார் ஓசைப்படாமல் வேலை செய்கிறார்களாம். மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் ஓடுகிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு), எங்களோடுதான் இருக்கிறார். எனக்குக் கொரோனாத் தடுப்பூசி ஒன்றுதான் போட்டிருக்கிறது. போகலாமா?

பதில்: தம்பி, நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா மேசன். மார்கழி மழையில் வேலை நின்றால் எங்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதனால் ‘உயிர்தான் முக்கியம், வீட்டிலேயே இருங்கள்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மாதம் முடிய வங்கியில் சம்பளம் விழுகிறவர்கள் சொல்கிற வசனம் அது.

ஆனால் ஒரு விஷயத்தை முதலில் யோசியுங்கள். கந்தோரில் வேலை செய்கிறவர் தினமும் அதே பத்துப் பேரைத்தான் பார்க்கிறார். நீங்கள் ஒரு கிழமையில் ஏழு வீட்டுக்குப் போகிறீர்கள். அந்த ஏழு வீட்டுக்கும் ஒன்றோடொன்று போக்குவரத்தே இல்லை, நடுவில் நீங்கள் மட்டும்தான். அதிலும் இந்த நோய் காய்ச்சல், தடிமன் தெரிவதற்கு இரண்டு நாள் முன்னமே மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். சிலருக்குக் கடைசிவரை ஒன்றுமே தெரியாது. ‘எனக்கு ஒரு வருத்தமும் இல்லை’ என்று நீங்கள் சொல்வது முழு உண்மையாகவே இருக்கும். அது போதாது என்பதுதான் சிக்கல்.

2020 ஒக்டோபரில் நம் மாவட்டத்திலேயே இதைப் பார்த்தோம். பேலியகொடை மீன்சந்தையில் பரவியது, அங்கே போய் வந்த மீன் வியாபாரிகளோடு வாழைச்சேனைக்கு வந்தது. அந்தப் பொலிஸ் பிரிவுக்கே ஊரடங்கு போட வேண்டியதாயிற்று. நவம்பரில் பக்கத்து அம்பாறை மாவட்டத்தில் அக்கரைப்பற்றுச் சந்தை. அந்த வியாபாரிகள் ஒரு பிழையும் செய்யவில்லை, தங்கள் தொழிலைப் பார்த்தார்கள். தொழிலே ஊர் ஊராகப் போவதாக இருந்தது, அவ்வளவுதான். உங்கள் தொழிலும் அதே வகை.

ஆகவே ‘இன்றைக்கு வேலைக்குப் போகலாமா’ என்று கேட்காமல், ‘இந்த வேலைக்குப் போகலாமா’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான் பார்ப்பது இரண்டே இரண்டு: அந்த வேலை ஒரு மாதம் பிந்தினால் அந்த வீட்டில் யாருக்கு என்ன கேடு? வேலை செய்கிற இடத்தில் காற்று ஓடுமா?

கல்லடி ஃபேனை எடுங்கள். ஒரு மாதம் பிந்தினால் அவர்களுக்கு வியர்க்கும், வேறொன்றும் நடக்காது. ஆனால் அந்த அறையை நினைத்துப் பாருங்கள். வேலைக்காக மெயினை அடைத்திருப்பீர்கள், ஆகவே காற்றாடி எதுவும் ஓடாது. கொங்கிறீட்டுத் தூசு மற்ற அறைக்குப் போகாமல் இருக்க வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிடுவார். நீங்கள் ஏணியில் ஏறி, தலையை அண்ணாந்து, பற்றரி ட்ரில்லை அமுக்கி மூச்சு வாங்க, கீழே வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்தபடி உங்களோடு கதைத்துக்கொண்டிருப்பார். பத்து நிமிசத்தில் மாஸ்க் வியர்வையில் ஊறி மூக்குக்குக் கீழே இறங்கியிருக்கும். ஒரு ஃபேனுக்கு முக்கால் மணித்தியாலம் என்றாலும் மூன்று அறைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். இந்த வைரஸ் பரவுவதற்கு இதைவிட வசதியான இடத்தை நான் சொல்ல மாட்டேன். போக வேண்டாம். ‘ஊரடங்கு எடுத்த அடுத்த நாள் முதல் வேலை உங்கள் வீடுதான்’ என்று சொல்லி, முடிந்தால் கொஞ்சம் முற்பணமும் கேளுங்கள். தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாவற்குடா அப்படியில்லை. கிழவனும் கிழவியும் மூன்று நாளாகக் கிணற்றில் வாளி கட்டி இழுக்கிறார்கள். விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் இந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாட்டில் போய்க் கிடக்க வேண்டும், அது கொரோனாவைவிடப் பெரிய ஆபத்து. மோட்டர் இருப்பது வெளியே கிணற்றடியில், திறந்த வளவில். அவர்களை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் தனியாக வேலை செய்யலாம். இதற்குப் போங்கள், ஆனால் அனுமதியோடு.

களுவாஞ்சிகுடிதான் எனக்கு இடறுகிறது. நோயை மட்டும் வைத்துப் பார்த்தால், கதவு யன்னல் போடாத வெறும் கட்டடத்தில் ஒருவர் தனியாக வயர் இழுப்பதில் கல்லடி அளவு பயமில்லை. ஆனால் நீங்கள் தனியாக இருக்கப் போவதில்லை. மேசன்மார் நாலைந்து பேர், ஒரே கானில் தண்ணீர், ஒரே வெற்றிலைப் பை, மத்தியானம் வட்டமாக இருந்து சாப்பாடு. தொற்று வருவது கல் அடுக்கும்போது இல்லை, அந்தச் சாப்பாட்டு நேரத்தில். போதாததற்கு அது ஒளித்துச் செய்கிற வேலை. அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் வேண்டாம் என்கிறேன்.

நீங்கள் கேட்காத நாலாவது ஒன்றும் வரும். ‘பிளக்கில் இருந்து கருகின மணம் வருகுது’ என்று இரவில் கோல் வரும். அதற்கும் உடனே ஓடத் தேவையில்லை. மெயின் சுவிச்சை நிறுத்தச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஆபத்து அதோடு அடங்கிவிடும். விடிந்த பிறகு போகலாம். ட்ரிப் சுவிச் விழுந்துகொண்டே இருக்கிறது என்றால், எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ட்ரிப்பை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொன்னால் பாதிப் பேருக்கு ஃபோனிலேயே பழுதான சாமானைக் கண்டுபிடித்துக் கொடுக்கலாம். மூடியைக் கழற்ற வேண்டிய எதையும் ஃபோனில் சொல்லிக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையால்தான் நடக்க வேண்டும். இப்படிச் சொல்லிக் கொடுப்பதற்கும் காசு கேட்க வெட்கப்படாதீர்கள். ஒரு ரீலோட்டாவது போடச் சொல்லுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2021 ஓகஸ்ட் 20 இரவு 10 மணிக்குத் தொடங்கியது தனிமைப்படுத்தல் ஊரடங்கு. முதலில் 30 வரை என்றார்கள், பிறகு செப்டெம்பர் 6 வரை நீட்டினார்கள். அத்தியாவசிய சேவை என்ற பட்டியலில் மின்சார சபைக்காரர் வருவார், தனியாகத் தொழில் செய்கிற உங்கள் பெயர் தானாக வராது. ஆகவே நாவற்குடா முகவரி, அங்கே இருப்பவர்களின் வயது, என்ன பழுது என்பதை ஒரு தாளில் எழுதி, ஜீஎஸ்ஸிடம் (கிராம சேவகரிடம்) காட்டிவிட்டுப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி கேளுங்கள். வீட்டுக்காரர் தங்கள் பகுதி ஜீஎஸ்ஸோடு கதைத்து வைத்தால் இன்னும் இலகு. அனுமதி தராவிட்டால் போகாதீர்கள். மாஸ்க் போடாததும் ஒரு மீற்றர் இடைவெளி விடாததும் கூட 1897ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் குற்றம்தான். 2020 ஒக்டோபரில் வந்த ஒழுங்குவிதிப்படி 10,000 ரூபா வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை. நாலு நாள் உழைப்பு ஒரு சந்தியில் போய்விடும்.

சரி, போகிறீர்கள் என்றால் எப்படி? வெளிக்கிட முன் ஃபோனில் கேளுங்கள்: வீட்டில் யாருக்காவது காய்ச்சல், தடிமன், தொண்டை நோ, மணம் தெரியாமல் போனது உண்டா? யாராவது தனிமைப்படுத்தலில் இருக்கிறார்களா? சிலர் மறைப்பார்கள். அதனால் ‘இருந்தால் சொல்லுங்க, வேலையை விட மாட்டன், நாள் மாத்தி வாறன்’ என்று முதலே சொல்லிவிட்டுக் கேளுங்கள், உண்மை வரும். உங்களுக்கும் அதே கேள்விதான். லேசான தலையிடி, தடிமன் என்றாலும் அன்றைக்கு வேலை இல்லை. நம் பக்கம் டெங்குவும் இருப்பதால், காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு நோ மாத்திரை போடாதீர்கள். மூச்சு எடுக்கக் கஷ்டம் என்றால் 1990.

மாஸ்க் இரண்டு மூன்று கொண்டு போங்கள், நம் வெயிலுக்கு ஒன்று காணாது. நனைந்தால் மாற்றுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கழுவினால் போதும். சானிடைசர் பாவிக்கிறீர்கள் என்றால் உங்கள் தொழிலுக்கென்று ஒரு எச்சரிக்கை: அதில் பெரும்பகுதி மதுசாரம், தீப்பிடிக்கும். கை நன்றாகக் காயும் முன்னம் வயரில், சுவிச்சில் கை வைக்காதீர்கள். டெஸ்டர், குறடு எல்லாவற்றையும் துடைக்கலாம், ஆனால் சுவிச் போர்டுக்குள் எதையும் விசிற வேண்டாம்.

அப்புறம் தேத்தண்ணி. வேலைக்கு வந்தவனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புகிற வீடு மட்டக்களப்பில் இல்லை. ‘உள்ள வாங்க மகன், இருந்து குடிச்சிட்டுப் போங்க’ என்பார்கள். மறுத்தால் அந்த அம்மாவின் முகம் வாடும். மறுக்க வேண்டாம். திண்ணையில் வைக்கச் சொல்லி, அவர்கள் உள்ளே போன பிறகு முற்றத்தில் நின்று குடியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே போவது நல்ல பழக்கம், செய்யுங்கள். ஆனால் உடுப்பில் வருவதைவிட மூச்சில் வருவதுதான் அதிகம். குளித்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து டீவி பார்த்தால் குளித்ததில் என்ன பயன்? வேலைக்குப் போன நாளில் இருந்து இரண்டு கிழமைக்கு அம்மாவின் அறைக்குள் போகாதீர்கள். சாப்பாடு வேறாக, யன்னல் திறந்தபடி. அம்மாவுக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். உங்களுக்கும் இரண்டாவது ஊசி போட்டு இரண்டு கிழமை கழிந்தால்தான் அதன் பலன் சரியாக வரும். அதற்குப் பிறகும் பரவாது என்று நினைத்துவிட வேண்டாம்.

காசுக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கல்லடி வேலைக்கு 2,500 கிடைக்கும். அந்த வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தால் உங்களை 14 நாள் வீட்டில் இருத்துவார்கள். ஊரடங்கு எடுத்து வேலை குவிகிற நேரத்தில் அது வந்தால் 35,000 ரூபா போச்சு. வருமானம் இழந்த குடும்பங்களுக்கு அறிவித்த 2,000 ரூபாவுக்கு உங்கள் பெயர் போயிருக்கிறதா என்று ஜீஎஸ்ஸிடம் கேளுங்கள். சின்னக் காசுதான், ஆனாலும் கேட்காமல் விடாதீர்கள். லீசிங் கொம்பனிக்குத் தவணை தவறுவதற்கு முன்னமே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் சுயதொழில் செய்பவர்களின் லீசிங்குக்கு மத்திய வங்கி ஆறு மாதச் சலுகை அறிவித்தபோது, ‘தள்ளுபடி’ என்று நினைத்து ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். தவணை தள்ளிப் போகும், வட்டி நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். கடைசியில் எவ்வளவு கூடும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நாவற்குடாவுக்கு வெளிக்கிட முன் ஒரு சின்ன வேலை, இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுவிச்சைப் போட்டதும் மோட்டர் உறுமுகிறதா, ஒரு சத்தமும் இல்லையா என்று அந்த ஐயாவிடம் கேளுங்கள். சுற்றாமல் உறுமினால் ஒன்றில் கப்பாசிட்டர் போயிருக்கும், இல்லாவிட்டால் தண்டு இறுகியிருக்கும். சத்தமே இல்லையென்றால் கரண்ட் வருகிற வழியைப் பார்க்க வேண்டும். ஹார்ட்வெயார் கடையெல்லாம் பூட்டு. பழைய மோட்டரில் இருந்து கழற்றி வைத்த கப்பாசிட்டர் வீட்டில் கிடந்தால், அளவு சரியா என்று பார்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் ஒரு மோட்டருக்காக இரண்டு தடவை பாஸ் கேட்டுப் போய் நிற்க வேண்டிவரும்.