தேக்குக் கட்டை வீடு: முன்பணத்துக்கு முன்னால்

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புத் தளம் போட்ட கூரை) வீடு விலைக்கு வருகிறது. கட்டைகள் தேக்கு, அசையாது என்கிறார் உரிமையாளர். புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒழுகியதால் மாடியில் 3 அங்குலம் சிமென்ட் கான்கிரீட்டும் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: தேக்கு என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நடுவில் கல் மாதிரி இருக்கும் கட்டை, சுவருக்குள் போகிற முனையில் மக்கியிருக்கும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் விட்டால் மழைநீர் சுவருக்குள் இறங்கும். காரையில் புதைந்த முனைக்குக் காற்றோட்டம் கிடையாது; நனைந்தால் காய வழியில்லை. வைரம் பாய்ந்த பகுதி ஓரளவு தாங்கும், ஓரத்து மரம் தாங்காது. பெயிண்ட் இதையெல்லாம் மறைத்துவிடும். விற்கும் நேரத்தில் அடித்தது எதற்கென்று கேளுங்கள்.

நல்ல ஆசாரி ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு கட்டையையும் சுவரிலிருந்து ஒரு அடிக்குள் சுத்தியால் தட்ட வேண்டும். பொத்தென்று கேட்டால் அங்கே தமரூசியால் (துளை போடும் கூர்முனைக் கருவி) குத்திப் பார்க்கவும். சுலபமாகக் கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் முனை போய்விட்டது. பிறகு கட்டைக்கு அடியில் சுவருக்குச் சுவர் நூல் பிடியுங்கள். 10 அடிக்கு அரை அங்குலம் தொய்வு பழைய மரத்தில் சகஜம். ஒரு கட்டை மட்டும் மற்றவற்றைவிட இறங்கியிருந்தால்தான் பிரச்சினை. இரண்டு மூன்று முனைகள் என்றால், முட்டுக் கொடுத்து, இருபுறமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட்டுச் சரிசெய்யலாம். பாதிக் கட்டைகள் போயிருந்தால் மனை விலைக்கு மேல் தர வேண்டாம்.

அந்த கான்கிரீட்தான் எங்களுக்குப் பிடிக்கவில்லை. சதுர அடிக்குச் சுமார் 17 கிலோ. 10க்கு 12 அடி அறைக்கு 2 டன் கூடுதல் பாரம். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்ட தளம் வாங்கிய ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். மேலே சிமென்ட் மூடினால், மயிரிழை விரிசலில் புகுந்த நீர் கீழே கட்டைக்குத்தான் வரும். முட்டுக் கொடுத்து அதை எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் காரையில் தட்டோடு பதிக்க வேண்டும். 10 அடிக்கு 4 அங்குலம் வாட்டம் தேவை. இந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பொதுச்சுவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கட்டையும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். அவர் இடித்துவிட்டு உங்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால், மண்சாந்தில் கட்டிய சுவர் நிற்காது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் அது பொதுச்சுவரா, யாருடையது, உங்கள் மாடித் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். எழுதப்படவில்லையென்றால் பக்கத்து வீட்டாரோடு முதலில் எழுத்தில் ஒப்பந்தம். அகலத்தையும் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பாதிச் சுவர் கணக்கில் உண்டா இல்லையா என்பதில்தான் சண்டை வரும். மரக்கூரைக்குக் கடன் உண்டா என்று வங்கியில் முன்பே கேளுங்கள்.

கேள்வி: பழைய வீட்டுச் சுவரோரம் கரையான் மண்கூடு. என்ன மருந்து?
– வாசகர், தருமபுரி

பதில்: சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, 30.5 சதவீத இமிடாக்ளோபிரிட் மருந்தை லிட்டருக்கு 2.1 மில்லி கலந்து, துளைக்கு ஒரு லிட்டர் வரை விட்டு, சிமென்டால் அடையுங்கள். கிணற்றை ஒட்டிய சுவருக்கு மட்டும் வேண்டாம்.