காது ஊசியும் வரப்பில் விழுந்ததும்

மூன்று பக்கக் கடிதத்தில் மிக முக்கியமான செய்தியை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். சென்ற மாதம் மடையைத் திறந்துவிட்டு வரப்பில் நின்றிருந்தபோது, தலை சுற்றாமலேயே, பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் சேற்றில் குப்புற விழுந்திருக்கிறீர்கள். நினைவு தப்பவில்லை என்கிறீர்கள், உடனே எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறீர்கள். மீதிப் பக்கங்கள் முழுவதும் ஊசியைப் பற்றியவை. இரண்டு ஆண்டுகளாக வந்து போகும் கிறுகிறுப்பு, வலது காதில் இரைச்சலும் அடைப்பும், குறைந்துவரும் செவித்திறன் ஆகியவற்றைப் பார்த்துத் தஞ்சாவூர் மருத்துவர் மெனியர் நோய் என்று சொல்லி, செவிப்பறை வழியாக ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தலாம் என்றார். அது காதைச் செவிடாக்கிவிடும் என்று கைப்பேசியில் படித்து, குறுவை அறுவடை முடியட்டும் என்று தள்ளிவைத்துவிட்டீர்கள். தள்ளிவைக்கக் கூடாது என்பதுதான் என் பதில். காரணம், அந்த விழுதல்.

மெனியர் நோயில் உட்காதின் திரவ அழுத்தம் கூடும்போது, புவியீர்ப்பை உணரும் உறுப்புகள் சில நேரங்களில் திடீரென்று தவறான செய்தியை அனுப்பிவிடுகின்றன. கால் தசைகள் அந்த நொடியே தளர்ந்து, ஆள் நின்ற இடத்திலேயே சரிந்துவிடுகிறார். டுமார்கின் என்ற மருத்துவர் 1936-இல் இதை விவரித்தார். சுற்றலுக்காவது முன்னறிவிப்பு உண்டு, உட்கார நேரம் கிடைக்கும். இதற்கு அதுவும் இல்லை. அன்று கீழே சேறு இருந்தது. மண்வெட்டியின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் சுற்றுவதையும் கண் இருட்டுவதையும் ‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால், ஒன்றைக் கட்டாயம் கேட்கிறேன்: ஒரு விநாடியாவது நினைவு தப்பியதா? தப்பியிருந்தால் முதலில் இதயத்தையும் மூளையையும் பார்க்க வேண்டும். தப்பாவிட்டாலும் ஓர் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். சிகிச்சை முடிந்து மருத்துவர் அனுமதிக்கும்வரை இருசக்கர வாகனம் ஓட்டுவது, ஏணியிலோ மரத்திலோ ஏறுவது, ஆற்றில் தனியாகக் குளிப்பது ஆகிய மூன்றும் வேண்டாம்.

இனி ஊசி. ஜென்டாமைசின் காதைக் கெடுக்கும் என்று நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அது நரம்பிலோ தசையிலோ பல நாள் செலுத்தப்பட்டு, இரத்தத்தின் வழியாக இரண்டு காதுகளையும் அடையும் மருந்தைப் பற்றியது. காசநோய்க்கு, இதே இனத்து மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பெற்றவர்கள் தள்ளாடுவதைக் கவனித்த மருத்துவர்கள், அதே குணத்தைக் கெட்டுப்போன காதுக்கு மட்டும் பயன்படுத்த முடியுமா என்று யோசித்தார்கள். ஷுக்நெக்ட் என்ற காது மருத்துவர் 1956-இல் செவிப்பறை வழியாகச் செலுத்திய முறையை வெளியிட்டார். இன்று நுண்ணோக்கியின் கீழ், செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியால் அரை மில்லி அளவுக்கு மருந்தை நடுக்காதில் விடுகிறோம். மருந்து உடல் சூட்டில் இருக்க வேண்டும், குளிர்ந்திருந்தால் அதுவே தலையைச் சுற்ற வைக்கும் என்பதால், குப்பியைச் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருப்போம். பிறகு எச்சில் விழுங்காமல், பேசாமல், அந்தக் காது மேலே இருக்கும்படி அரைமணி நேரம் படுத்திருந்தால், வட்டச் சாளரம் என்ற மெல்லிய சவ்வின் வழியாக மருந்து உட்காதுக்குள் ஊறிச் செல்லும். தவறான செய்தி அனுப்பும் செல்களில் ஒரு பகுதியை அது ஒடுக்குகிறது.

செவித்திறன் ஓரளவு குறையும் வாய்ப்பு இருக்கிறது. இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிகிச்சையே இல்லாமல் விட்டாலும் இந்த நோய் அந்தக் காதின் கேட்கும் திறனைத் தானாகவே அரித்துக்கொண்டிருக்கிறது. மாற்றாக, செல்களை அழிக்காத ஸ்டீராய்டும் இதே வழியில் செலுத்தப்படுகிறது. 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, 60 பேர் பங்கேற்ற லண்டன் ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் சுற்றல் ஜென்டாமைசினால் 87 விழுக்காடும் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டால் 90 விழுக்காடும் குறைந்தது. காது இன்னும் நன்றாகக் கேட்கிறவர்களுக்கு ஸ்டீராய்டில் தொடங்குவதையே நானும் விரும்புவேன். ஆனால் முன்னறிவிப்பின்றி விழுகிறவர்களுக்குத் தராசு ஜென்டாமைசின் பக்கம் சாய்கிறது. நீங்கள் விழுந்ததைத் தஞ்சாவூரில் சொல்லவே இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் மருந்தையும் தவணைகளையும் தீர்மானிக்க வேண்டும். இடது காது நன்றாக இருக்கிறது என்பதையும் புதிய செவித்திறன் பரிசோதனையால் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஜென்டாமைசின் போட்ட சில நாட்களில் நடை தள்ளாடும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். மூளை சில வாரங்களில் கண்ணையும் பாதங்களையும் கொண்டு ஈடுகட்டிக்கொள்ளும், அதற்கான பயிற்சிகளும் உண்டு. ஆனால் இருட்டில் கண் உதவாது, ஈர வரப்பில் பாதமும் உதவாது. ஆகவே இரவு முறைத் தண்ணீர் பாய்ச்சும் வேலையை அந்த வாரங்களில் மகனிடம் விட்டுவிடுங்கள்.

அதே மருந்தைக் கடையில் சொட்டு மருந்தாக வாங்கி விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. செவிப்பறை முழுதாக இருந்தால் சொட்டு உள்ளே போகாது. ஓட்டை இருந்தால் அளவும் கணக்கும் இல்லாமல் போய்விடும். காய்ச்சிய எண்ணெயும் உட்காதை எட்டாது, நிறுத்திவிடுங்கள். சீட்டு இல்லாமல் இரண்டு ஆண்டுகளாக விழுங்கிவரும் ஸ்டெமெட்டில், ஸ்டுஜெரான் மாத்திரைகள் சுற்றல் வந்த சில நாட்களுக்கு மட்டும் உரியவை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் அவை பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தையே உண்டாக்கக்கூடும். நரம்புத் தளர்ச்சி என்று நீங்கள் எழுதியிருக்கும் கை நடுக்கத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன். மாத்திரை அட்டைகளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூளையில் கட்டி இருக்குமோ என்ற பயத்தை விடுங்கள், எம்.ஆர்.ஐ. தெளிவாக இருக்கிறது. இது பித்தமும் இல்லை. கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே தஞ்சாவூருக்குப் போங்கள், வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வரட்டும். அறைக்குள் நுழைந்ததும் இரைச்சலைப் பற்றிப் பேசுவதற்கு முன், எந்தத் தேதியில், எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்று சொல்லுங்கள்.