மென்பொருள் எழுதுபவர் படிக்க வேண்டியது தத்துவ தர்க்கமா, கணிதத் தர்க்கமா?

கேள்வி: சில வருடங்களாக மென்பொருள் எழுதி வருகிறேன். தர்க்கத்தை முறையாகப் படிக்க ஆசை. இப்போதைக்கு ஒரு பாடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. தத்துவ தர்க்கம், கணிதத் தர்க்கம் இரண்டில் எதை எடுப்பது?

கணிதத் தர்க்கத்தில் தொடங்குங்கள். ஆனால் தத்துவம் நமக்கு வேண்டாதது என்ற நினைப்பில் கணிதத் தர்க்கத்தை எடுக்காதீர்கள். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என்னைத் தர்க்கம் பக்கம் திருப்பியது ஒரு எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழி) வினவல். ஆர்டரே போடாத வாடிக்கையாளர்களின் பட்டியல் வேண்டியிருந்தது. 'நாட் இன்' (பட்டியலில் இல்லாதவை) வைத்து எழுதினேன், ஒரு வரிகூட வரவில்லை. ஆர்டர் அட்டவணையில் வாடிக்கையாளர் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு 'நல்' (மதிப்பு இல்லை என்ற குறி) இருந்தது, அவ்வளவுதான். 5 என்ற எண் (1, 2, நல்) பட்டியலில் இல்லையா என்று கேட்டால், அது 1 அல்ல, 2 அல்ல, நல் அல்ல என்ற மூன்றையும் 'அண்ட்' போட்டுப் பார்ப்பார்கள். மூன்றாவதற்கு விடை 'தெரியாது'. உண்மையோடு 'தெரியாது' சேர்ந்தால் மொத்தமும் 'தெரியாது'. வரிகளை வடிகட்டும் 'வேர்' பகுதி, உண்மையை மட்டுமே உள்ளே விடும். எல்லா வாடிக்கையாளரும் வெளியே நின்றுவிட்டார்கள்.

'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (அப்படி ஒரு வரியே இல்லை) என்று மாற்றியதும் சரியானது. அப்புறம்தான் அந்த 'தெரியாது' எங்கிருந்து வந்தது என்று தேடினேன். "நாளை கடற்போர் நடக்கும்" என்ற கூற்று இன்றைக்கே உண்மையா, பொய்யா என்று அரிஸ்டாட்டில் கேட்டிருக்கிறார். அந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு 1920இல் மூன்று மதிப்புள்ள (உண்மை, பொய், இரண்டுமல்லாதது) தர்க்கத்தை முன்வைத்தவர் போலந்தின் யான் வூகாசியேவிச். அவருடைய 'அண்ட்', 'ஆர்', 'நாட்' அட்டவணைகளும் எஸ்க்யூஎல்லின் அட்டவணைகளும் ஒன்றுதான். எனக்கு இது பெரிய திறப்பாக இருந்தது.

இன்னொன்று, காலத் தர்க்கம். "எப்போதும்", "என்றாவது" போன்ற சொற்களுக்கு 1950களில் குறியீட்டு வடிவம் கொடுத்தவர் ஆர்தர் பிரையர் என்ற தத்துவவாதி. 1977இல் கணினி அறிவியலாளர் அமீர் புனுயேலி அதை நிரல்களுக்குக் கொண்டுவந்தார். "பூட்டு கேட்ட திரெட்டுக்கு என்றாவது பூட்டு கிடைக்கும்" என்று துல்லியமாக எழுதிச் சோதிக்க முடிவது அதனால்தான். கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட்டின் டிஎல்ஏ பிளஸ் என்ற, நிரல் அமைப்புகளை விவரித்துச் சோதிக்கும் மொழி இந்த வழியில் வந்ததே.

பிறகு ஏன் கணிதத் தர்க்கம் முதலில் என்கிறேன்? கை பழக வேண்டும். "ஒவ்வொரு பயனருக்கும் ஒரு சாவி உண்டு", "ஒரு சாவி உண்டு, அது எல்லாப் பயனருக்கும் பொருந்தும்": இரண்டையும் குறியீட்டில் எழுதி, இரண்டாவதிலிருந்து முதலாவது வரும், முதலாவதிலிருந்து இரண்டாவது வராது என்று நீங்களே நிறுவிப் பார்த்தால், தேவை ஆவணங்களை வாசிக்கும் விதமே மாறும். தொகுத்தறி முறையில் (முதல் படியையும், ஒவ்வொரு படியிலிருந்து அடுத்ததையும் காட்டி) நிறுவப் பழகினால் ரிகர்ஷனும் லூப்பும் தெளிவாகும்.

பாடத்தின் பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். கணிதத் துறையில் சில பாடங்கள் சீக்கிரமே மாடல் தியரி, கணக் கோட்பாடு என்று போய்விடும். நமக்கு அதில் அவசரமில்லை. தத்துவத் துறையின் அறிமுகப் பாடத்தில் பிரெடிகேட் லாஜிக்கும் (மேலே சொன்ன 'ஒவ்வொரு', 'ஒரு' போன்றவற்றைக் கையாளும் தர்க்கம்) இயல்பு வருவிப்பும் (விதிகளால் படிப்படியாக நிறுவும் முறை) பயிற்சிக் கணக்குகளோடு இருந்தால், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். டூரிங்கின் 1936 கட்டுரையிலிருந்து வந்த நிறுத்தச் சிக்கலை (ஒரு நிரல் ஓடி முடியுமா என்று பொதுவாகச் சொல்ல முடியுமா என்ற கேள்வி) தனியாகப் படித்துக்கொள்ளலாம், சில மாலைகள் போதும்.