பால் ஸ்கீன்ஸ் பிட்ஸ்பர்கில் நிலைப்பாரா? கேள்வி பதில்

அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸை இருபது வருடமாகப் பின்தொடர்கிறேன். 2025 சீசன் முடிந்துவிட்டது. 23 வயது பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸ், ஒரு ஓட்டுகூட சிதறாமல் நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கியிருக்கிறார். இந்தப் பிள்ளையை பைரேட்ஸ் தக்கவைக்குமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு பேஸ்பால் அதிகம் தெரியாது அண்ணா. அவர் விரும்பினால் நாளைக்கே வேறு அணிக்குப் போகலாமா?

பதில்: போக முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்வியும் இதில்தான் வந்து நிற்கிறது.

டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எடுத்த வீரரை ஆறு முழு வருடம் அணி கையில் வைத்திருக்கலாம். மேல்மட்டத் தொடரான மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு வருடக் கணக்கு. முதல் மூன்று வருடம் அணி சொல்வதுதான் சம்பளம். 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 7.6 லட்சம் டாலர், ஸ்கீன்ஸ் வாங்கியது 8.75 லட்சம். உலகத்தின் சிறந்த பிட்சருக்கு அவ்வளவுதான். (இளம் வீரர்களுக்கென்று ஒரு போனஸ் நிதி இருக்கிறது, அதிலிருந்து தனியாகப் பணம் வரும்.) அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன். அணி ஒரு தொகை சொல்லும், வீரர் ஒரு தொகை சொல்வார், நடுவர் குழு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இடையில் ஒரு தொகை என்ற பேச்சே கிடையாது. ஆறு வருடம் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

இந்த நாள் கணக்கில் விளையாடுகிற அணிகள் உண்டு. 2015-ல் சிகாகோ கப்ஸ், கிரிஸ் பிரயன்ட்டைச் சில நாள் தள்ளி இறக்கியது. அவருக்கு 171 நாள்தான் சேர்ந்தது. ஒரு நாள் குறைந்ததில் அவருடைய விடுதலை ஒரு வருடம் தள்ளிப்போனது. ஸ்கீன்ஸும் 2024 மே 11-ல்தான் வந்தார், அது முழு வருடம் ஆகாது. ஆனால் 2022-ல் வந்த புது விதிப்படி, சிறந்த அறிமுக வீரர் ஓட்டெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு வருடம் கணக்கில் ஏறும். அவர் அந்த விருதையே வென்றார். அதனால் 2029 சீசன் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட். அவரை முதல் நாளிலிருந்தே இறக்கியிருந்தால், அந்த விருதுக்காக பைரேட்ஸுக்குக் கூடுதலாக ஒரு டிராஃப்ட் தேர்வு கிடைத்திருக்கும். தாமதித்ததில் அது போனதுதான் மிச்சம்.

கேள்வி: நியூயார்க் யாங்கீஸுக்கு எப்போது போகிறார்?

பதில்: மேலே சொன்னதுதான், 2029 வரை அவர் பைரேட்ஸ் கையில். தான் பைரேட்ஸ் வீரர், இங்கே ஜெயிப்பதுதான் நோக்கம் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். "நெருங்கிய வட்டாரம் சொன்னது" என்று வரும் டிரேட் (ஒரு வீரரைக் கொடுத்து வேறு வீரர்களை வாங்குவது) செய்திகளை நம்பாதீர்கள்.

கேள்வி: ஐபிஎல் மாதிரி தக்கவைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

பதில்: ஐபிஎல்லில் எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ். 2025 ஏலத்துக்கு 120 கோடி ரூபாய் என்றால் பத்து அணிக்கும் அதே 120 கோடிதான். பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பு கிடையாது. 2025-ல் அணியின் மொத்தச் சம்பளம் 24.1 கோடி டாலரைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். பணக்கார அணி வரியைக் கட்டிவிட்டு வாங்கும்.

கேள்வி: இப்போதே டிரேட் செய்து நாலைந்து இளைஞர்களை வாங்கினால் அணி தேறாதா?

பதில்: வேண்டவே வேண்டாம். வாஷிங்டன் நேஷனல்ஸ், நட்சத்திர பேட்டர் ஹுவான் சோட்டோவுக்கு 15 வருடம், 44 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. அவர் மறுத்தார். 2022 ஆகஸ்டில் அவரை சான் டியாகோவுக்கு அனுப்பி ஜேம்ஸ் வுட், மெக்கென்சி கோர், சி.ஜே. ஏப்ரம்ஸ் என்று நல்ல பிள்ளைகளைத்தான் வாங்கினார்கள். டிரேட் என்று பார்த்தால் அருமையான டிரேட். அப்படியும் 2025-ல் அந்த அணி 96 ஆட்டம் தோற்றது. சோட்டோ 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸுடன் 15 வருடத்துக்கு 76.5 கோடி பேசிக்கொண்டார். பைரேட்ஸே 2018 ஜனவரியில் பிட்சர் கெரிட் கோலை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. ஃப்ரீ ஏஜென்ட் ஆக இரண்டு வருடம் இருக்கும்போது கொடுத்தார்கள். அதே மாதம் நட்சத்திர பேட்டர் மெக்கட்சனும் போனார். 2015-க்குப் பிறகு 2025 வரை பைரேட்ஸ் பிளேஆஃப் பார்க்கவில்லை. நான்கு வருடம் கையில் இருக்கிற ஸ்கீன்ஸை இன்று கொடுப்பது எனக்குத் தாங்காது.

டல்லாஸ் நண்பர்: முதலாளி மனது வைத்தால் முடியும். சின்ன ஊர், பணமில்லை என்பதெல்லாம் சாக்கு.

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொது நிதியில் போட்டு 30 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. பைரேட்ஸ் வெறுங்கையோடு இல்லை. அப்படியிருந்தும் 2025 வரை அவர்கள் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் 2023-ல் பிரயன் ரெனால்ட்ஸுக்குக் கொடுத்த 10.675 கோடி டாலர்தான். அது போதாது.

கிளீவ்லாந்திலிருந்து ஒருவர்: டல்லாஸ்காரர் பெரிய ஊரிலிருந்து பேசுகிறார். நாங்கள் எங்கள் நட்சத்திர வீரர் லிண்டோரை இழந்தவர்கள். உச்சவரம்பு வராமல் எந்தச் சின்ன அணியும் எவரையும் வைத்துக்கொள்ள முடியாது.

பதில்: உங்கள் வலி புரிகிறது. ஆனால் ஹோசே ராமிரெஸ் உங்கள் ஊரிலேயே இருக்கிறாரே! சந்தை விலையைவிடக் குறைத்து வாங்கிக்கொண்டு 2022-ல் கையெழுத்துப் போட்டார். "எவரையும் முடியாது" என்பது சரியில்லை.

டல்லாஸ் நண்பர்: அப்படிச் சொல்லுங்கள். கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணி பாபி விட் ஜூனியருக்கு 28.87 கோடி டாலர் கொடுக்கவில்லையா?

பதில்: இதுதான் இன்று வந்ததிலேயே நல்ல உதாரணம். கான்சஸ் சிட்டி பிட்ஸ்பர்கைவிடப் பெரிய சந்தை அல்ல. 2023-ல் ராயல்ஸ் 106 ஆட்டம் தோற்ற அணி. 2024 பிப்ரவரியில் விட்டுக்கு 11 வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள், அந்த வருடமே பிளேஆஃப் போனார்கள். கையெழுத்துப் போட்டபோது விட்டுக்கு இரண்டு வருடக் கணக்கு முடிந்திருந்தது. ஸ்கீன்ஸ் இன்று நிற்பதும் அதே இடத்தில்தான்.

ஆனால் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். அணி எத்தனை ஃப்ரீ ஏஜென்ட் வருடத்தை வாங்கியது என்று பாருங்கள். விட் 2027 முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருப்பார். 2030-க்குப் பிறகு விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அப்படியென்றால் ராயல்ஸுக்கு உறுதியாகக் கிடைத்தது மூன்றே வருடம்! நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மூன்று வருடத்துக்கு அந்த விலை தகும். பைரேட்ஸும் அப்படித்தான் யோசிக்க வேண்டும். காலமெல்லாம் இங்கேயே இருப்பார் என்று கனவு காணாமல் 2030, 2031 என்ற இரண்டு வருடத்தைக் கேளுங்கள், விலகும் உரிமையைத் தாராளமாகக் கொடுங்கள், இந்தக் குளிர்காலமே கேளுங்கள். ஆர்பிட்ரேஷன் பணம் வர ஆரம்பித்துவிட்டால் அவருக்கு அவசரமே இருக்காது.

கிளீவ்லாந்து நண்பர்: விட் ஷார்ட்ஸ்டாப், அதாவது களத்தடுப்பாளர். பிட்சரின் தோள் வேறு கதை.

பதில்: சரியான இடத்தைப் பிடித்தீர்கள், அந்தப் பயம் எனக்கும் உண்டு. 2019 டிசம்பரில் வாஷிங்டன் பிட்சர் ஸ்டிராஸ்பர்க் 24.5 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார், அதற்குப் பிறகு எட்டு ஆட்டம்தான் வீசினார். அட்லாண்டாவின் பிட்சர் ஸ்டிரைடர் 2022-ல் ஆறு வருட ஒப்பந்தம் போட்டார், 2024-ல் முழங்கை அறுவை சிகிச்சை. ஆனால் இந்தப் பயம் இரண்டு பக்கமும் வேலை செய்யும். கை போனால் வீரருக்கும் நஷ்டம்தானே? அதனால்தான் பிட்சர்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட ஒரு காரணம் இருக்கிறது. பிட்சர் கெரட் குரோஷே 2025-ல் பாஸ்டனிடம் ஆறு வருடத்துக்கு 17 கோடி வாங்கினார். ஸ்கீன்ஸின் சாதனை அவருடையதைவிடப் பெரிது.

உச்சவரம்பைப் பற்றி இதற்கு மேல் இங்கே வேண்டாம். வீரர் சங்கத்துடனான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. அந்தச் சண்டை அப்போது வரும்.

கேள்வி: லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அவரை வாங்கிவிடுமா?

பதில்: இதே மாதிரிக் கேள்வி பலமுறை வந்துவிட்டது. யாங்கீஸ் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பைரேட்ஸில் இந்தியர்கள் ஆடியிருக்கிறார்களா?

பதில்: 2008-ல் ரிங்கு சிங் (கிரிக்கெட் வீரர் அல்ல, வேறொருவர்), தினேஷ் படேல் இருவரையும் பைரேட்ஸ் எடுத்தது. கீழ்மட்டத் தொடரான மைனர் லீகோடு நின்றுவிட்டார்கள்.

கேள்வி: நீண்ட ஒப்பந்தம் போட்டுவிட்டால் நிம்மதிதானே?

பதில்: இல்லை. ரஃபேல் டெவர்ஸ் 2023-ல் பாஸ்டனுடன் பத்து வருடம் போட்டார், 2025 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவுக்கு டிரேட் ஆனார். பைரேட்ஸின் கிப்ரையன் ஹேய்ஸ் எட்டு வருடம் போட்டார், அவரும் 2025 ஜூலையில் சின்சினாட்டிக்குப் போய்விட்டார். மறுபடியும் சொல்கிறேன், தொகையைப் பார்க்காதீர்கள், வருடத்தைப் பாருங்கள்.

கேள்வி: உங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள் அண்ணா. இருப்பாரா, போவாரா?

பதில்: 2029 முடிந்து போவார் என்றுதான் நினைக்கிறேன். 2025-ல் அவருடைய ஈஆர்ஏ 1.97, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூடக் கொடுக்கவில்லை. அப்படி வீசியும் அவருக்குப் பத்து வெற்றி, பத்து தோல்வி. பின்னால் நின்று ரன் அடிக்க ஆள் இல்லை, அணி 91 ஆட்டம் தோற்றது. ஒப்பந்தப் பணத்தில் ஒரு பகுதியை இப்போதே நல்ல பேட்டர்களுக்குச் செலவிடட்டும். ஜெயிக்கிற அணியை விட்டுப் போக அவருக்கும் மனம் வராது.

கேள்வி: அடுத்த கோடையில் பத்து வயது மகளுடன் பிட்ஸ்பர்க் வருகிறோம். அவர் வீசுவதைப் பார்க்க முடியுமா?

பதில்: ஐந்தாறு நாளைக்கு ஒரு முறைதான் வீசுவார். அதனால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்காமல், யார் எந்த நாள் வீசுகிறார்கள் என்று அணி அறிவித்ததும் வாங்குங்கள். மூன்றாவது பேஸ் பக்கம் வாங்குங்கள். பைரேட்ஸ் உட்காரும் பக்கம் அதுதான், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கட்டடங்களும் நேராகத் தெரியும். கிளெமென்டே பாலத்தில் நடந்தே வாருங்கள். ஆட்டத்துக்கு முன்னால் சென்டர் ஃபீல்டு பக்கம் அவர் கை சூடேற்றுவார். மகளை அங்கே கூட்டிப் போய் நிறுத்துங்கள், பந்து கையுறையில் விழுகிற சத்தம் கேட்கும்.